மைதானங்கள் இடிந்த பிறகு

ராக் இசையின் வரலாறு பெரும்பாலும் இசைத்தட்டுகளை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. எந்தத் தொகுப்பு எந்த ஆண்டு வெளிவந்தது, எந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானது, எந்தக் கிதார்க் கலைஞர் எந்தக் குழுவிலிருந்து எப்போது விலகினார் என்பனவே அதன் முதுகெலும்பு. கேட்டவர்கள் அந்த வரலாற்றில் எண்ணிக்கையாக மட்டுமே வருவார்கள்: இத்தனை லட்சம் பிரதிகள், இத்தனை ஆயிரம் பார்வையாளர்கள். அந்த எண்ணிக்கைக்குள் அடங்கிப் போனவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். தாங்கள் நின்ற இடத்தைப் பற்றித் தாங்களே எழுதவும் பேசவும் செய்கிறார்கள். 1970களிலும் 80களிலும் அமெரிக்க நகரங்களின் விளையாட்டு மைதானங்களில் நாள் முழுக்க நடந்த ராக் விழாக்களைப் பற்றிய இந்த ரசிக நினைவுகள் இலக்கிய வாசகர்களின் கவனத்துக்கு உரியவை என்பது நம் கருத்து. கவனத்துக்கு உரியவை என்பதாலேயே அவை முழுவதும் நம்பத்தக்கவை ஆகிவிடுவதில்லை. எதை நம்புவது, எதை நம்பாதிருப்பது என்பதுதான் இங்கே நாம் பேச விரும்புவது.

இவ்வகை நினைவுகளை இருவிதமாகக் கடந்துபோவது வழக்கம். முதியவர்களின் பழங்கதை என்று ஒதுக்கிவிடுவது ஒன்று. அந்தக் காலம் போல் இனி வருமா என்று கூடவே பெருமூச்சு விடுவது மற்றொன்று. இரண்டிலும் வாசிப்பு என்ற செயல் நிகழ்வதே இல்லை. தன்வரலாறுகளையும் நினைவுக்குறிப்புகளையும் விரும்பிப் படிக்கிற நமக்கு, சாட்சி சொல்கிறவரின் சொல்லை எப்படி எடைபோடுவது என்ற கேள்வி புதிதல்ல. அதே தராசை இங்கும் எடுக்கலாம்.

எவற்றைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுவோம். 1969இன் உட்ஸ்டாக் ஒரு பண்ணை நிலத்தில் நடந்தது. வேலிகள் உரிய நேரத்தில் எழவில்லை. சீட்டு வாங்காதவர்கள் வெள்ளமாக உள்ளே வர, விழா இலவசமாகிப் போனது. மறு ஆண்டே அது திரைப்படமாகி ஒரு தலைமுறையின் தொன்மமாக நிலைபெற்றுவிட்டது. மைதான விழாக்களுக்கு அத்தகைய தொன்மம் எதுவும் வாய்க்கவில்லை. அவை கணக்குப் பார்த்து நடத்தப்பட்டவை. மைதானத்துக்கு மதில் உண்டு, வாயில்கள் உண்டு, சீட்டைச் சரிபார்க்கும் ஏற்பாடும் கழிப்பறைகளும் உண்டு. பேஸ்பால் அணி வெளியூர் ஆட்டங்களுக்குப் போயிருக்கும் நாட்களில் அது வெறுமனே கிடக்கும். அந்த இடைவெளியை நிகழ்ச்சி அமைப்பாளர்கள் கண்டுகொண்டார்கள். 1974 கோடையில் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் நால்வரும் பெரும்பாலும் திறந்தவெளி மைதானங்களிலேயே ஒரு சுற்றுப்பயணத்தை நடத்தி முடித்தபோது, இது ஒரு தொழில்முறையாகவே ஆகிவிட்டது.

கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் மைதானத்தில் பில் கிரஹாம் 1973 முதல் நடத்திய விழாத் தொடருக்குப் பெயர் 'டே ஆன் தி கிரீன்'. பெயரில் உள்ள பச்சை, ஆடுகளத்தின் புல்லைக் குறிப்பது. எரி ஏரிக்கரையில் உள்ள கிளீவ்லண்டில் பெல்கின் நிறுவனத்தார் 1974 முதல் 1980 வரை நடத்திய தொடர், பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடரது பெயரைக் கடன் வாங்கி 'வேர்ல்டு சீரீஸ் ஆஃப் ராக்' என்று அழைக்கப்பட்டது. டல்லஸ் நகரின் காட்டன் பௌல் மைதானத்தில் 1978இல் தொடங்கி 1988 வரை நடந்தது 'டெக்ஸாஸ் ஜாம்'. மூன்றிலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். காலையிலோ நண்பகலிலோ தொடங்கி இருட்டும் வரை நாலைந்து குழுக்கள். முன்பதிவு இருக்கை கிடையாது. முதலில் வந்தவருக்கு முன்னிடம். ஆகவே முதல்நாள் இரவே வாயிலில் வந்து படுத்துவிடுவது வழக்கமாயிற்று.

இனி நினைவுகளுக்கு வருவோம். இவற்றைப் படிக்கையில் முதலில் வியப்பூட்டுவது, இசையைப் பற்றி அவற்றில் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதே. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வந்தது என்பதில் குழப்பம்; ஆண்டு மாறிப்போகும்; இரண்டு கோடைகள் ஒன்றாகக் கலந்துவிடும். ஆனால் வெயில் மட்டும் ஒருவருக்கும் மறப்பதில்லை. டல்லஸின் ஜூலை மாதத்தில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய வெயில், கூட்டத்தின் மேல் குழாயால் பீய்ச்சிய தண்ணீர், சுட்ட கான்கிரீட், கழிப்பறை வரிசை, ஒரே காரில் அடைந்து வந்த நண்பர்கள், திரும்பும் வழியில் யாரும் பேசாமல் வந்தது என்று உடலும் உடனிருந்தவர்களுமே நினைவின் மையம். மேடையில் நின்றவர்கள் கட்டைவிரல் உயரமே இருந்தார்கள் என்பதையும் ஏறத்தாழ எல்லோரும் சொல்வார்கள்.

இதைக் குறையாகக் கொள்வது விமர்சகரின் பழக்கம். நமக்கோ இதுதான் இந்த நினைவுகளின் வலிமை என்று தோன்றுகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 150 மீட்டர் தள்ளி மேல்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு டிரம் கலைஞரின் கை இறங்குவது முதலில் தெரியும். அடி விழுந்த ஓசை அரை நொடி போல் கழித்தே வந்துசேரும். அதே ஓசை எதிர்ப்பக்கக் கான்கிரீட்டில் பட்டு இன்னொரு முறையும் வரும். பெரிய காணொளித் திரைகள் மைதானங்களில் பரவியது 1980களில்தான். அதற்கு முன்பு அங்கே அமர்ந்திருந்தவர் கண்ணுக்கும் காதுக்கும் இடையே விழுந்த அந்த இடைவெளியில்தான் இசையைக் கேட்டார். இது எந்த இசைத்தட்டிலும் இல்லாத அனுபவம். இசைத்தட்டு ஒலிவாங்கி நின்ற இடத்தின் உண்மையைச் சொல்கிறது. ரசிகரின் நினைவு மனிதர்கள் இருந்த இடத்தின் உண்மையைச் சொல்கிறது.

பதிவு செய்யப்பட்ட ஆவணம் நினைவைவிட நம்பகமானது என்பதும் எப்போதும் சரியல்ல. மைதான இசை நிகழ்ச்சிகளின் முன்னோடி என்று சொல்லத்தக்கது, 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் 55,600 பேர் முன்னிலையில் பீட்டில்ஸ் நடத்திய கச்சேரி. குழுவுக்கென்று 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள் தனியே செய்யப்பட்டிருந்தன. பாடும் குரல்கள் ஆட்டத்தின்போது அறிவிப்புச் செய்யும் மைதான ஒலிபெருக்கிகள் வழியாகவே வந்தன. கூட்டத்தின் கூச்சலுக்கு முன் இவை எதற்கும் போதவில்லை. அங்கிருந்தவர்கள் பலர், தாங்கள் ஒன்றையுமே கேட்கவில்லை என்று சொல்லிவந்திருக்கிறார்கள். ஆனால் 1966 மார்ச்சில் பிபிசி ஒளிபரப்பிய படத்தில் பாடல்கள் தெளிவாகக் கேட்கின்றன. காரணம் எளிது: அவ்வாண்டு ஜனவரியில் பீட்டில்ஸ் லண்டன் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் அமர்ந்து பல பகுதிகளைப் புதிதாகப் பாடியும் வாசித்தும் சேர்த்திருந்தார்கள். ஆவணம் செப்பனிடப்பட்டது. ஒன்றும் கேட்கவில்லை என்ற நினைவு செப்பனிடப்படாமல் நின்றது. அந்த நாளின் உண்மைக்கு எது அருகில் இருக்கிறது என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

இன்னொரு எடுத்துக்காட்டு, 1985 ஜூலை 13இன் 'லைவ் எய்ட்'. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டனின் வெம்ப்ளியில் சுமார் 72,000 பேரும், ஃபிலடெல்ஃபியாவின் ஜான் எஃப். கென்னடி மைதானத்தில் சுமார் 90,000 பேரும் கூடிய நாள் அது. ஃபிலடெல்ஃபியாவில், டிரம் கலைஞர் ஜான் பான்ஹம் 1980இல் இறந்ததோடு கலைந்துபோயிருந்த லெட் ஸெப்பலின் குழுவின் எஞ்சிய மூவர் மீண்டும் மேடையேறினார்கள். லண்டனில் வாசித்துவிட்டு கான்கார்ட் விமானத்தில் பறந்து வந்த ஃபில் காலின்ஸ் டிரம் வாசித்தவர்களில் ஒருவர். ஒத்திகை போதவில்லை, வாசிப்பு சிதறியது. 2004இல் லைவ் எய்ட் டிவிடி தொகுப்பாக வெளிவந்தபோது, தங்கள் பகுதியைச் சேர்க்க அந்தக் குழு இசையவில்லை. அதிகாரபூர்வத் தொகுப்பை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த மாலையில் அது நடக்கவே இல்லை. அங்கிருந்தவர்களுக்கோ நாளின் உச்சம் அதுவே. வாசிப்பு மோசமாக இருந்ததும் தெரியும், அழுததும் நினைவிருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லும் துணிவு ரசிக நினைவுக்குத்தான் உண்டு. கலைஞர்கள் நீக்க விரும்பியதை ரசிகர்கள் காத்துவைத்திருக்கிறார்கள். இதற்காகவேனும் இந்த நினைவுகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இதுவரை நாம் ரசிகரின் பக்கம் நின்றோம். இனி சற்று விலகி நிற்க வேண்டியிருக்கிறது.

தோலும் காதும் சொன்னதைச் சொல்லும் வரை நினைவு நேர்மையாக இருக்கிறது. அது தீர்ப்புச் சொல்லத் தொடங்கும்போதுதான் சிக்கல். அப்போது எல்லோரும் ஒருவருக்கொருவர் அன்பாக இருந்தோம்; சண்டையில்லை, சச்சரவில்லை; அது பொற்காலம் என்ற வரி வரும்போது, வாசகர் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஓக்லண்டில் 1977 ஜூலை 23, 24 ஆகிய இரு நாட்களும் லெட் ஸெப்பலின் இசைத்தது. அக்குழு தன் முழு உருவில் அமெரிக்காவில் நடத்திய கடைசிக் கச்சேரிகள் அவை. அங்கிருந்தோம் என்று சொல்லிக்கொள்வது இன்றும் ரசிகர்களுக்குப் பெருமை. ஆனால் முதல் நாள் மேடைக்குப் பின்னால் பில் கிரஹாமின் ஊழியர் ஒருவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். ஓர் அறையின் பெயர்ப்பலகையை மேலாளரின் சிறுவயது மகன் எடுக்கப் போனதில் எழுந்த வாக்குவாதம்தான் தொடக்கம். டிரம் கலைஞர் ஜான் பான்ஹம், மேலாளர் பீட்டர் கிராண்ட் உட்பட நால்வர்மீது வழக்குப் பதிவானது. அடுத்த சில நாட்களிலேயே பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் ஐந்து வயது மகன் இங்கிலாந்தில் நோயுற்று இறந்தான். எஞ்சிய பயணம் கைவிடப்பட்டது. புல்தரையில் நின்றவருக்கு இவை எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அவர் நினைவு பொய்யன்று. அது மைதானத்தின் ஒரு பக்கத்து நினைவு, அவ்வளவே.

கிளீவ்லண்டில் 1979 ஜூலை 28 அன்று ஏரோஸ்மித், டெட் நியூஜென்ட், ஜர்னி, தின் லிஸி, ஏசி/டிசி, ஸ்கார்ப்பியன்ஸ் என்று ஒரே நாளில் ஆறு குழுக்கள். இன்றைக்கு நினைத்தாலும் வாய்பிளக்க வைக்கும் பட்டியல். மேடைக்குப் பின்னால் ஏரோஸ்மித் குடும்பத்தாருக்குள் ஒரு கோப்பைப் பாலைக் கொட்டியதில் தொடங்கிய சண்டை கிதார்க் கலைஞர் ஜோ பெர்ரி குழுவைவிட்டு விலகுவதில் முடிந்தது. இந்தப் பால் கதையை ரசிகர்கள் சுவைபடச் சொல்வார்கள். அதற்கு முந்தைய இரவு, வாயிலில் படுத்துக் காத்திருந்த கூட்டத்துக்கிடையே கொள்ளையும் துப்பாக்கிச் சூடும் நடந்து உயிரிழப்பு நேர்ந்தது என்பது அதே சுவையோடு சொல்லப்படுவதில்லை. பல சமயம் சொல்லப்படுவதே இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் சின்சினாட்டியில் தி ஹூ குழுவின் உள்ளரங்கக் கச்சேரிக்கு வாயில் திறக்கக் காத்திருந்த கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். முன்பதிவில்லாத நுழைவு முறையை அந்நகரம் தடை செய்தது. முதலில் வந்தவருக்கு முன்னிடம் என்று நினைவில் இனிக்கிற அந்தச் சுதந்திரத்துக்கு இப்படியும் ஒரு விலை இருந்தது.

இன்னும் கடினமான ஒன்று இருக்கிறது. அது விழா அல்ல. ஆனால் அதே மைதானத்தில், அதே வயதில், பெரும்பாலும் அதே ரசிகர்கள். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க்கில் வைட் சாக்ஸ் அணிக்கு அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள். ராக் வானொலி நிலையம் ஒன்றின் அறிவிப்பாளரான ஸ்டீவ் டால், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருபவருக்கு 98 சென்ட்டில் அனுமதி என்று அழைத்தார். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் திரண்டார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் ஆடுகளத்தின் நடுவே இசைத்தட்டுக் குவியல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் களத்துக்குள் இறங்கினார்கள். இரண்டாம் ஆட்டம் நடக்கவே இல்லை. எதிரணி வென்றதாக அறிவிக்கப்பட்டது. பங்கேற்ற பலர் இதை இளமைக் குறும்பாகவே நினைவுகூர்கிறார்கள். அன்று அதே மைதானத்தில் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ், பின்னாளில் சிகாகோவின் ஹவுஸ் இசையைத் தொடங்கிவைத்தவர்களுள் ஒருவரானார். உடைக்கக் கொண்டுவரப்பட்டவற்றில் டிஸ்கோவே அல்லாத, வெறுமனே கறுப்பினக் கலைஞர்களுடையவையான இசைத்தட்டுகள் நிறைய இருந்தன என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார். தன் நோக்கத்தில் இனவெறுப்போ தன்பாலின வெறுப்போ இல்லை என்று ஸ்டீவ் டால் மறுக்கிறார். நோக்கத்தை விட்டுவிடுவோம். ஒருவர் குறும்பு என்று நினைவில் வைத்த அதே மாலையை, பத்தடி தள்ளி நின்ற இன்னொருவர் அச்சுறுத்தலாக நினைவில் வைத்திருக்கிறார். 2019இல் அந்த அணி இதன் நாற்பதாம் ஆண்டை நினைவுச் சட்டைகள் வழங்கிக் கொண்டாடியபோது கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை. யாருடைய நினைவு சட்டையில் அச்சாகிறது, யாருடையது ஆகவில்லை என்பதே அங்கே கேள்வி.

பொற்காலம் என்ற சொல்லுக்குள் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த விழாக்கள் ஒவ்வொன்றும் ஒரு நகரத்துக்கு உரியவையாக இருந்தன. உள்ளூர் அமைப்பாளர், உள்ளூர் வானொலி, உள்ளூர் மைதானம். பில் கிரஹாம் 1991 அக்டோபரில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். 1990களின் பிற்பகுதியில் எஸ்எஃப்எக்ஸ் என்ற நிறுவனம் நகரம் நகரமாக இத்தகைய அமைப்பாளர்களை விலைக்கு வாங்கியது. அவர் நிறுவிய நிறுவனமும் அதில் அடங்கும். எஸ்எஃப்எக்ஸை 2000இல் கிளியர் சேனல் வாங்கியது. 2005இல் அதிலிருந்து பிரிந்து லைவ் நேஷன் உருவானது. 2010இல் அது சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டரோடு இணைந்தது. 2024இல் அமெரிக்க நீதித்துறை அந்த நிறுவனத்தின்மீது ஏகபோக வழக்குத் தொடர்ந்தது. முன்பெல்லாம் கைச்செலவுப் பணத்தில் போய்வந்தோம் என்று ஒரு முதியவர் சொல்லும்போது, அதை வெறும் ஏக்கமாகத் தள்ளிவிட முடியாது. அதில் ஒரு பொருளாதாரக் குற்றச்சாட்டு இருக்கிறது. அது நியாயமானது. இசை அன்று உயர்ந்திருந்தது, இன்று தாழ்ந்துவிட்டது என்று அதே மூச்சில் அவர் சேர்த்துச் சொல்வதை மட்டும் நாம் தனியே பிரித்து வைத்துவிடலாம்.

ஆக, நம் நிலை இது. இந்த நினைவுகளில் அனுபவத்தை நம்புவோம், தீர்ப்பைச் சோதிப்போம். வெயிலையும் தாகத்தையும் தாமதமாக வந்த ஓசையையும் பற்றி அவர்கள் சொல்வதை வேறு எந்த ஆவணமும் சொல்லாது. அன்று எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தோம் என்பதில் உள்ள 'எல்லோரும்' என்ற சொல்லை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

கேள்வி கேட்பதற்கான வழி ஒன்றுதான்: ஒரு நினைவுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைப்பது. பில் கிரஹாமின் வாழ்க்கை நூல் அவர் மறைவுக்குப் பின் 1992இல் ராபர்ட் கிரீன்ஃபீல்டின் துணையோடு வந்தது. பெர்லினில் பிறந்து, நாஜிக் கொடுமைக்குத் தாயைப் பலிகொடுத்து, சிறுவனாக அமெரிக்கா வந்துசேர்ந்த ஒருவரின் கதை அது. அவர் குரலோடு கலைஞர்கள், ஊழியர்கள், பகைவர்கள் எனப் பலர் குரலும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றை ஒன்று மறுக்கவும் செய்கின்றன. மைதான விழாக்களின் வரலாறும் அப்படித்தான் எழுதப்பட வேண்டும். 1973இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கெஸார் மைதானத்தில் கிரேட்ஃபுல் டெட், லெட் ஸெப்பலின் கச்சேரிகளுக்காக கிரஹாம் கேட்டுக்கொள்ள, ஹெய்ட் ஆஷ்பரி இலவச மருத்துவமனையினர் சிகிச்சைக் கூடாரம் அமைத்தார்கள். 'ராக் மெடிசின்' என்ற தொண்டு அதிலிருந்தே தொடங்கியது. வெயிலில் சாய்ந்தவரையும் போதையில் நினைவிழந்தவரையும் தாங்கிப் பிடித்த அந்தத் தொண்டர்களின் கோடை, புல்தரையில் ஆடியவரின் கோடையிலிருந்து வேறானது. மறுநாள் காலை கூட்டிப் பெருக்கியவர்களின் கோடை இன்னும் வேறு. அவர்களிடம் கேட்டு எழுதியவர்கள் மிகக் குறைவு.

இதற்கு அவகாசமும் அதிகமில்லை. கெஸாரின் பழைய மைதானம் 1989இல் இடிக்கப்பட்டது. காமிஸ்கி பார்க் 1991இலும், ஃபிலடெல்ஃபியாவின் கென்னடி மைதானம் 1992இலும் போயின. பழைய வெம்ப்ளி 2003இல் மறைந்தது. ஷே மைதானம் 2009இல் தரைமட்டமானது. கிளீவ்லண்ட் மைதானத்தை 1996இன் இறுதியில் இடிக்கத் தொடங்கினார்கள். அதன் கான்கிரீட் இடிபாடுகளில் ஒரு பகுதியை எரி ஏரிக்குள் இறக்கி, மீன்கள் தங்கும் செயற்கைப் பாறைத்திட்டு அமைத்தார்கள். பிங்க் ஃப்ளாய்டுக்கும் ரோலிங் ஸ்டோன்ஸுக்கும் எண்பதாயிரம் பேர் போல அமர்ந்திருந்த இடத்தின் ஒரு பகுதி இப்போது நீருக்கடியில் இருக்கிறது.

அமர்ந்திருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேசும்போது குறுக்கிட்டுத் திருத்தாமல் கேட்போம். பேசி முடித்த பின், உங்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள், வாயிலில் யார் நின்றார்கள், யார் உள்ளே வரவே இல்லை என்று மறக்காமல் கேட்போம்.